பதினோராம் பக்கம்

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் வேண்டுமாம்.
முப்பத்தொரு வருஷத்துக்கு
நாற்பத்தைந்து நாள் அவகாசம்.
அதில் நாற்பதை
உறையைப் பிரிக்காமலே கழித்தோம்,
ஃபிரிட்ஜின் மேல், வாழைப்பழங்களுக்கு அடியில்.

இன்று பிரித்தாய்.
நான்காம் காகித இயந்திரத்தின் இரைச்சலில் பழகி
வீட்டிலும் கத்திப் பேசுகிறவன்
முணுமுணுத்து வாசித்தாய்:
ஐம்பத்திரண்டு வாரச் சம்பளம், ஒரே தவணையில்.
பென்ஷன் உடனே, ஆனால் குறைத்து.
மருத்துவக் காப்பீடு, உனக்கு அறுபத்திரண்டு ஆகும்வரை
நம் இருவருக்கும்.

அறுபத்தைந்தில்தான் அரசாங்கம் கை கொடுக்கும்.
இடையில் உனக்கு மூன்று வருஷம்,
எனக்கு ஐந்து.
ஏப்ரலில் செயின்ட் ஜான் ஆறு இருக்குமே அப்படி:
பனிக்கட்டி மேல் நடக்கவும் முடியாது
படகு இறக்கவும் முடியாது.

மின்சார பில் வந்த உறையின் பின்பக்கம்
கணக்குப் போட்டோம்.
உன் ஏழு எப்போதும் ஒன்றைப் போலிருக்கும்.
என் ஊசி மருந்து, இப்போது மாதம் அறுபது டாலர்.
காப்பீடு இல்லாவிட்டால் என்று எழுதி
பென்சிலை வைத்துவிட்டு
அடுப்பைப் பார்க்கப் போனாய்.
அடுப்பில் ஒன்றும் இல்லை.
திரும்பி வந்து எழுதினாய், ஏழாயிரம்.
அந்த ஏழு மட்டும்
ஏழு போலவே இருந்தது.

ஆர்மான் பெல்ட்டியே முதல் வாரமே கையெழுத்துப் போட்டான்.
மீன்பிடிக்கப் புதுக் குடில் வாங்கி
உறைந்த ஏரிமேல் இழுத்துப் போயிருக்கிறான்.
எங்களைப் பார் என்கிறான்.
பார்க்கிறோம்.
அவன் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை,
காப்பீடு அவள் பக்கம்.
ஆலையை எப்படியும் மூடுவான், அப்போது
வெறுங்கையோடுதான் அனுப்புவான், என்கிறான்.
அதுவும் பொய்யில்லை.
போன ஆண்டு மூன்று நாள்
கந்தக நாற்றம் இல்லாமல் காற்று வீசியபோது
ஊரே ஜன்னலைத் திறந்து மோப்பம் பிடித்தது.

பதினோராம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்.
ஒன்று, உன் ஆயுள்வரை மட்டும்:
மாதம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
இரண்டு, உனக்குப் பின் எனக்குப் பாதி:
அதற்கு இப்போதிருந்தே நூற்றெண்பத்தைந்து குறையும்.
முதலாவது என்றால், எனக்கு எதுவும் வேண்டாமென்று
நோட்டரி முன்னால் மனைவி எழுதித் தர வேண்டும்.

அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டினாய்.
நான் பின்னால் புரட்டினேன்.

யார் முதலில் என்று கேட்கிறான், வேறென்ன.
கம்பெனிக்காரன், அதனால் நாசூக்காகக் கேட்கிறான்.
பத்து வருஷமாக என் இடது கால்
அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.
"முதல் கட்டம் போடு, ரேழான்.
நூற்றெண்பத்தைந்து இருந்தால் கணப்புக்கு எண்ணெய் வாங்கலாம்."
உருளைக்கிழங்கு விலை சொல்வதுபோல்தான் சொன்னேன்.

"என் அப்பா அறுபத்தொன்று,
ரெனோ ஐம்பத்தொன்பது,
ரெண்டு பேரும் வெளுக்கும் அறையில் நின்றவர்கள்.
அந்தக் கற்களைக் கணக்கில் சேர்த்தாயா, க்ளோடெட்?"

அப்புறம் பதினொன்றரை மணிவரை
சாவை ஏலம் விட்டோம்.
நீ உன் ரத்த அழுத்தத்தை வைத்தாய்,
நான் மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தை.
நீ சிகரெட் பிடித்த பதினெட்டு வருஷத்தை வைத்தபோது
எனக்குச் சிரிப்பு வந்தது,
உனக்கும் வந்தது,
நிறுத்த முடியாமல் போய்
நீ குழாயைத் திறந்து முகம் கழுவினாய்.
ரொம்ப நேரம் கழுவினாய்.

விடிகாலை நாலரைக்கு
சோற்றுப் பெட்டியோடு ஷிப்டுக்குப் போய்விட்டாய்.
விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
இரண்டாம் கட்டத்தில், பேனாவால்,
தாள் மறுபக்கம் புடைக்குமளவு ஒரு குறி.
முதல் பக்கம், ஏற்கிறேன், மறுக்கிறேன்,
இரண்டும் காலி.

ஊசியை எடுத்துத் தொடையில் போட்டுக்கொண்டேன்.
வெளியே ஆலை நாறியது.
இன்று வியாழன்.