கேட்டதை மட்டும்

சுற்றறிக்கை வெள்ளிக்கிழமை மாலை வந்தது.
வாக்கெடுப்பு முடியும்வரை
அரசுப் பணத்தில் இயங்கும் எந்த அலுவலகமும்
துறைமுக விரிவாக்கம் பற்றி
அச்சிடக் கூடாது, ஒட்டக் கூடாது, ஒலிபரப்பக் கூடாது.
இருபத்தெட்டு நாள்.

நான் எழுதிய துண்டறிக்கை பன்னிரண்டாயிரம்
ஸ்டோர் ரூமில் கட்டுக் கட்டாகக் கிடந்தது.
'வளம் கொழிக்கும் கடலூர்' என் வரிதான்.
'கொழிக்கும்' வேண்டாம், 'பெருகும்' போடு என்றார் மேலாளர்.
நான்தான் விடவில்லை.

சனிக்கிழமை
மைதா பசை இரண்டு வாளி காய்ச்சி
ஏகாம்பரமும் தனவேலும் ஏணியோடு கிளம்பினார்கள்.
கூடவே நான், பட்டியலும் பேனாவுமாக.
ஓல்டு டவுன் ரயில்வே கேட் பலகை, மூடியாச்சு.
சிங்காரத்தோப்பு பாலத்துப் பலகை, மூடியாச்சு.
நூலகச் சுவர் ஓவியத்துக்குப்
பழைய செய்தித்தாள் பத்தவில்லை,
நீலக் கப்பலின் மூக்கு மட்டும் வெளியே நின்றது.
கப்பல் மூக்கு விளம்பரமா என்று கேட்டார் தனவேல்.
மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

குப்பை வண்டிப் பாட்டின் மூன்றாவது அடியில்
துறைமுகம் வருகிறது என்று யாரோ புகார் எழுத,
வண்டி ஊமையாக வந்து ஊமையாகப் போனது.
தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.
மூன்று நாள் மீன் செதில் நாற்றம்.

உப்பனாற்று வாயில் பாதி கட்டி நிற்கும் கல் அணை
விடிந்தது முதல் இருட்டும்வரை
தன் பக்கத்தைப் பேசிக்கொண்டேதான் இருந்தது.
சோனாங்குப்பத்தில் அலை தின்ற வீட்டின்
தனியே மிஞ்சிய வாசற்படி
மறுபக்கத்தை.
இரண்டையும் மூடப் பசை போதவில்லை.

வீட்டில் அவர் கேட்டார், "நீ எதுக்குப் போடுவே?"
"சுற்றறிக்கை" என்றேன்.
"நம்ம வீடு என்ன அரசுப் பணத்துலயா ஓடுது?"
"என் சம்பளத்துலதானே?"
அப்புறம் இருவரும் ரசத்தைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

பதினோராம் நாள் அஞ்சலாட்சி வந்தாள்.
அன்னக்கூடையை வாசலில் இறக்கிவிட்டுக்
கையை முந்தானையில் துடைத்தபடி,
"உங்க படத்துல எங்க தெரு எங்கம்மா இருக்கு?"

நான்காம் பிரிவு சொல்கிறது:
தானாக எதுவும் சொல்லக் கூடாது.
கேட்டு வருபவருக்குக் கேட்டதை மட்டும் தரலாம்.

தந்தேன். சர்வே வரைபடம், தாள் ஏழு.
அவள் விரல் கிழக்கே போனது, திரும்பியது,
மறுபடி போனது.
"இதுல என்ன எழுதியிருக்கு? படிச்சுக் காட்டு."
கேட்டிருக்கிறாள், படிக்கலாம்.
'சரக்கு முற்றம்.'
என் துண்டறிக்கையில் அது ஒரு பச்சைக் கட்டம்.
அதில் இரண்டு மரம் வரையச் சொன்னதும் நான்.

"வேற என்ன கேக்கணும் நான்?"

மின்விசிறி ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
இதற்குப் பதில் சொன்னால் அது தகவலா
பிரசாரமா?
என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்
இணைப்பு மூன்று இருந்தது.
எத்தனை வீடு, எந்த வருஷம், தலைக்கு எவ்வளவு,
எல்லாம் அதில்.
'இணைப்பு மூன்று கொடு' என்று யாராவது கேட்க வேண்டும்.
அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்கள்.

"தெரியலம்மா" என்றேன்.

மடித்துக் கொடுக்கும்போது
'காண்க: இணைப்பு 3' என்று பொடி எழுத்தில் இருந்த ஓரம்
மேலே வந்துவிட்டது.
யார் கேட்டாலும் இதையே சொல்வேன்:
அந்தத் தாள் அப்படித்தான் மடியும்.

ராத்திரி நல்ல மழை.
காலையில் பசை விட்டுப்போய்
ரயில்வே கேட்டில் என் வரி பாதி தெரிந்தது,
'கொழிக்கும் கட'.
தனவேலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு
பத்து மணிக்குக் கவுன்ட்டரைத் திறந்தேன்.
ஈரத்தலையோடு ஒரு பையன்.
கணக்கு நோட்டில் கிழித்த தாளை நீட்டினான்.
'இனைப்பு 3 வேண்டும்.'
மூன்று சுழி வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி.
திருத்தாமல் வாங்கி
முத்திரை குத்தினேன்.