சீப்பு

விடிகாலை இரண்டரை. பந்தாய் டாலாம்.
ஒளிபரப்பு நிலையத்தின் மூன்றாம் மாடியில்
ஒரே ஆட்டம் இரண்டு திரையில் ஓடுகிறது.
இடப்பக்கம் ஆயிரத்து எண்பது வரி, இன்டர்லேஸ்.
வலப்பக்கம் எழுநூற்று இருபது, புரோகிரசிவ்.
திங்கட்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பூன் கியாட்டுக்குப் பூப்பந்துப் பைத்தியம்.
ஸ்மாஷ் விழும் கணத்தில் நிறுத்தி
"இறகு எங்கே, சொல்" என்கிறான்.
இடத்திரையில் இறகு இல்லை.
அது இருந்த இடத்துக்கும்
இருக்கப்போகும் இடத்துக்கும் நடுவே
பல் பல்லாக ஒரு சீப்பு.

ஒற்றை வரிகள் ஒரு கணத்தைச் சேர்ந்தவை,
இரட்டை வரிகள் அடுத்ததை.
நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி.
என் குறிப்பேட்டில் இதற்குப் பின்னல் என்று பெயர்.
பின்னல் உள்ள வீட்டில் சீப்பு இல்லாமலா?
அசையாத பொருளுக்கு ஒன்றும் ஆகாது.
செய்தி வாசிப்பவரின் மேசை
அப்படியே இருக்கிறது.

ருஸ்டிக்கு எண் பெரிதாக வேண்டும்.
"விளம்பரக்காரனிடம் எழுநூறு என்று போய் நிற்கவா?"
அதுவும் நியாயம்தான்.
பழைய குழாய்ப் பெட்டி நல்ல பெட்டி;
மறுபாதி வந்து சேரும்வரை
முதல் பாதியின் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.
இந்தத் தட்டைத் திரை எதையும் வைத்திருப்பதில்லை.
பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்கிறது.

பத்துமலையைப் போடச் சொன்னேன்.
தைப்பூசத்துக்கு முந்தின வாரம்
ஒத்திகைக்கு எடுத்தது. வெறும் படிகள்.
கேமரா பின்வாங்கப் பின்வாங்க
இருநூற்று எழுபத்திரண்டும் வரியளவு மெலிந்து
இடத்திரையில் நடுங்கத் தொடங்கின.
யாரும் ஏறவில்லை. ஒரு குரங்குகூட இல்லை.
சிமெண்டு நடுங்கிற்று.
ஹஃபிசுடின் கோப்பியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தான்.
"சிலை மட்டும் ஆடவில்லை" என்றான்.

அசையாததற்கு ஒன்றும் ஆகாதென்று
யார் சொன்னது? நான்தான்.

செந்தூலில் எங்கள் வீடும் பின்னல் முறை.
ஒற்றைப்படைத் தேதியில் தனசீலன் இருப்பான்,
சிப்பாங்கில் சரக்கு இறக்காத நாள்.
இரட்டைப்படையில் நான்.
ஒரே தலையணை; அவன் பள்ளத்தில் என் தலை.
நிஷாலினிக்கு அவன் தளரப் பின்னுவான், நான் இறுக்கி.
பின்னலைப் பார்த்தே தேதி சொல்வாராம்
அவள் வகுப்பாசிரியை.
குளிர்பெட்டியின் பக்கவாட்டில் அவள் உயரம்:
நீலக் கோடு அவனுடையது, கறுப்பு என்னுடையது.
ஒன்றும் ஒன்றோடு ஒத்துப்போகவில்லை.
அவன் அளக்கையில் காலணியோடு நிற்கிறாளா,
நான் அளக்கையில் குனிகிறாளா,
கேட்கலாமென்றால் ஆள் இருப்பதில்லை.
சண்டையா? அதெல்லாம் இல்லை.
எதுவும் அசையவில்லை, அந்தப் படிகளைப் போல.

படிவத்தில் எழுநூற்று இருபதைக் குறித்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
விளையாட்டு, தட்டைத் திரை என்று நிறைய எழுதலாம்.
"படிகள்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
ருஸ்டி மாற்றுவார். மாற்றட்டும்.

ஆறே முக்காலுக்கு மின்தூக்கி திறந்தபோது
தலைக்கவசத்தோடு வெளியே வந்தான்.
"பின்னிட்டியா?"
"இன்னைக்குப் பதினாறு. உன் முறை."
நான் உள்ளே, அவன் வெளியே.
கதவு மூடத் தொடங்கியதும்
இரண்டு கையும் சேர்ந்தே நீண்டன.
மணி அடித்து மறுபடி திறந்தது.
கொஞ்ச நேரம் முழுசாக நின்றான்,
எந்த வரியும் விடுபடாமல்.

பிறகு, "சீப்பு ஃபிரிட்ஜ் மேல" என்று சொல்லிவிட்டு
வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனான்.