நாலு நிமிஷம்

பொத்தானை அமுக்கிவிட்டு அரிசி களைவேன்.
உலையில் போடுவேன்.
வெங்காயம் ஒன்று உரிப்பேன்.
திரும்பி வந்தால் லேப்டாப் திரையில்
வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்,
வாசல் எந்தப் பக்கம் என்று மறந்து
பிரகாரத்திலேயே மாட்டிக்கொண்டவர் போல.
நாலு நிமிஷம். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

வாங்கி ஒன்பது வருஷம்.
எச் விசையின் தொப்பி கழன்று எங்கோ போனது.
அங்கேதான் ககரம் இருக்கிறது.
கணக்கு, கூட்டம், கையெழுத்து, கடன்பாக்கி,
எதற்கும் அந்த மொட்டை ரப்பர்க் குமிழை
நகத்தால் குத்த வேண்டும்.
பள்ளிப் பெற்றோர் சங்கக் குறிப்பை ஒருமுறை
ககரமே இல்லாமல் எழுதப் பார்த்தேன்.
தலைப்பிலேயே நின்றுவிட்டது.

"தவணையில புதுசு வாங்கும்மா" என்கிறான் ஷர்வின்.
மாசம் நூற்றறுபது வெள்ளி, பன்னிரண்டு மாசம்.
அவன் வாயில் பன்னிரண்டு
ரொம்பச் சின்ன எண்.

சனிக்கிழமை, பகாவ் பசாருக்குப் பின்னால்,
யீ லிங் கடை.
மல்லாத்திப் போட்டு அடிமூடியைக் கழற்றினாள்.
விசிறியில் பஞ்சு போல் தூசு,
மில் புகையின் கரி,
ஒரு அரிசி.
(அது எப்படி உள்ளே போனது என்று நான் கேட்கவில்லை.)
அட்டைப்பெட்டி மூடியில் எழுதினாள்:
எஸ்எஸ்டி நூற்றுப்பத்து.
ரேம் எழுபது, பழசு, ஆனால் நல்லது.
பேட்டரி நூற்றறுபது.
கூலி முப்பது.
கோடு கிழித்து, கீழே:
உதிரிக்கு விற்றால் எண்பது நான் தருவேன்.

இந்தக் கணக்கு எனக்குப் புதுசில்லை.
மில் வாசலில் லாரி நிறுப்பது என் வேலை.
இருபத்தைந்து வயசு தாண்டிய செம்பனையில்
ஏக்கருக்கு எத்தனை டன் என்று பார்ப்பார்கள்.
எண் இறங்கினால்
தண்டில் துளை போட்டு மருந்து ஊற்றுவார்கள்.
மரம் உயர்ந்துவிட்டது,
குலை வெட்ட ஆள் இல்லை என்பதும் கணக்கில் சேரும்.
போன வருஷம் பதினேழாம் பிளாக் பட்டியலை
தட்டச்சு செய்தது நான்தான்.
குலை தள்ளி நின்ற மரங்களும் அதில் இருந்தன.
யாரும் அழவில்லை. நானும்தான்.
அன்று சம்பள நாள்.

உதட்டில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு
யீ லிங் சொன்னாள்:
"சாயாங்லா, காக்."

மலாய் வார்த்தை.
பிரியம் என்றாலும் அதுதான்,
வீணாகிறதே என்றாலும் அதுதான்.
எறிந்தால் வீண் என்றாளா
செலவழித்தால் வீண் என்றாளா
முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை.
எதிர்க்கடையில் ஒரு கோப்பி குடித்தேன்.
சர்க்கரை அதிகம்.

திரும்பி வந்து, பேட்டரி வேண்டாம் என்றேன்.
இதை எங்கே தூக்கிக்கொண்டு போகப்போகிறேன்?
குசினி மேசையில், சுவர் பிளக்கோடு
முளையில் கட்டிய ஆடு மாதிரி கிடக்கட்டும்.
ரேமும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அறுபது என்றாள் அதற்குள்.
ஆக மொத்தம் இருநூறு.
புது விண்டோஸ் இதில் ஏறாதாம்,
பென்குயின் படம் போட்ட இலவசம் ஒன்றை ஏற்றினாள்.
மூலையில் செத்துக் கிடந்த வேறொன்றிலிருந்து
எச் தொப்பியைப் பிடுங்கி
என்னுடையதில் அமுக்கினாள். 'டக்.'
அதற்குக் காசு வாங்கவில்லை.
நிறம் கொஞ்சம் வெளுப்பு.

ராத்திரி, பழக்கத்தில்
பொத்தானை அமுக்கிவிட்டுப் பானையை எடுத்தேன்.
குழாயைத் திறந்து திரும்பினால்
திரை விழித்துக்கொண்டு என்னையே பார்க்கிறது.
பதினெட்டு விநாடி.

இனி அந்த மிச்ச நிமிஷங்களை
எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது?
ஈர விரலால் தட்டினேன்:
க
க க
க க க
விசிறி பழைய இருமலோடு சுற்றியது.

அரிசி இன்னும் களையவில்லை.