ஏழு நொடி

போன ஆண்டு மூன்று புள்ளி ஒன்பது.
தேர்ச்சிக்கு நான்கு வேண்டும் இந்த நாட்டில்.
அந்தப் பத்தில் ஒன்றுக்காக
மறுபடி அதே பெஞ்சு, ஒழுகும் அதே கூரை,
கன்செப்சியோனின் அதே ஜூன் மழை.

ஓடிக்கொண்டே இருப்பதை வெட்டி எடு,
நொடிக்கு நூறு துண்டு என்றார்கள்.
துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் நடந்ததெல்லாம்?
பின் வரிசையில் ஒரு பையன் கேட்டான்.
போன ஆண்டு கேட்டவன் நான்.
மிக வேகமாக ஆடுவதை முன்பே வடிகட்டிவிட்டால்
நடுவில் எதுவும் தொலைவதில்லை, அது தேற்றம்.
அதை நம்ப எனக்கு ஓராண்டும்
ஆறு லட்சம் பேசோவும் ஆயிற்று.

வடிகட்டாமல் வெட்டினால்
வேகமானது மெதுவானதன் வேடம் கட்டி வரும்,
வந்தபின் எந்தக் கணக்கும் வேடத்தைக் கலைக்காது.
பேராசிரியர் பெரீயோஸ்
செவ்வாய்க்கிழமை மட்டும் வருகை எடுப்பார்.
செவ்வாய்க்கிழமை மட்டும் போன என்னை
ஒரு நாளும் தவறாதவன் என்றே
கடைசிவரை நம்பியிருந்தார்.

இந்த ஆண்டு செயல்திட்டம்:
கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு நிலநடுக்கமானி.
அதன் ஒரு மாதப் பதிவு.
சின்ன நடுக்கங்களைப் பிரித்தெடு,
மற்றதெல்லாம் இரைச்சல்.

கூட்டாளி நயாரெட் ரிஃபோ.
லிர்க்கேன் துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள்.
விடியலில் சிப்பி பிளந்த கை,
விசைப்பலகையில் அந்த வாசனை மாலைவரை நிற்கும்.

நிறமாலையில் ஒரு மேடு.
ஏழு நொடிக்கு ஒருமுறை ஏதோ ஒன்று
தரையை ஆட்டிக்கொண்டிருந்தது,
இரவு பகல் இல்லாமல், ஞாயிறும் கூட.
லிஃப்டா, வெந்நீர்க் கொதிகலனா, ரயில் பாலமா?
எதுவானால் என்ன என்று
கூரான ஒரு வடிகட்டியை எழுதினேன்.
தாமதம் தெரியக்கூடாதென்று
முன்னிருந்து பின்னாக ஒருமுறை,
பின்னிருந்து முன்னாக ஒருமுறை ஓட்டினேன்.

மேடு போயிற்று.
ஆனால் பதினொன்றாம் தேதி நடுக்கத்துக்கு
அரை நிமிடம் முன்பே
மெல்ல நடுங்கத் தொடங்கியிருந்தது கோடு.

இருவரும் பேசவில்லை.
இரண்டாயிரத்துப் பத்து பிப்ரவரியில் எனக்கு ஏழு வயது, அவளுக்கு ஆறு.
அந்த அரை நிமிடத்தை யாராவது தந்திருந்தால் என்று
இந்தக் கரையில் எண்ணிப் பார்க்காத வீடு கிடையாது.

பிறகு அவள்தான் சொன்னாள்,
இது வடிகட்டியின் வேலை.
முடிவைப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறது,
அதனால் தொடக்கத்திலேயே தெரிந்ததுபோல் நடுங்குகிறது.
முழுப் பதிவும் கையில் இருப்பவனுக்குத்தான்
இந்தத் தீர்க்கதரிசனம்.

என் வடிகட்டியை அழித்தோம்.
மேடு திரும்பி வந்தது, கோபமில்லாமல்.

வியாழக்கிழமை புயல், படகு எதுவும் போகவில்லை.
பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில்
அலைத்தடுப்புச் சுவரில் நின்று எண்ணியிருக்கிறாள்,
கைப்பேசியில் கடிகாரம் வைத்து, நாற்பது அலை.
நனைந்த தாளை என் மேசையில் ஒட்டினாள்:
அலைக்கு அலை பதினான்கு நொடி.
"பாதி பார்" என்றாள்.

வரும் அலையும் மோதித் திரும்பும் அலையும்
கடலுக்குள் எதிரெதிரே சந்தித்தால்
அடித்தரையை இரட்டை வேகத்தில் தட்டும்,
நூலகத்தில் தேடிப் படித்தோம்.
புயல் நாட்களை மட்டும் பிரித்து வரைந்தபோது
மேடு இரு மடங்கு எழுந்து நின்றது.

அறிக்கையில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்தோம்.
பெரீயோஸ் ஓரத்தில் சிவப்பில் எழுதினார்:
இது கேட்கப்படவில்லை.
மதிப்பெண் நான்கு புள்ளி ஒன்று.

வாசலில் சோபைபிய்யா வாங்கினோம்,
கடுகுச் சாந்து தடவி, குடை இல்லாமல்.
கடல் பத்து கிலோமீட்டர் தள்ளி.
பாதி வாயோடு அவள் எண்ணத் தொடங்கினாள்,
நாலு, அஞ்சு, ஆறு.
நான் ஒரு காலை மாற்றி ஊன்றிக்கொண்டேன்.