புகைபோக்கிக் கணக்கு

முதலில் புகைபோக்கியே இல்லை.
தோட்டப்பாளையத்தில் வாடகைச் சமையலறை,
இரும்பு வாணலி, கால் கிலோ பீபெர்ரி.
"ஏம்மா, இன்னா கருகுது?" என்றாள்
எதிர்வீட்டுத் தனபாக்கியம்.
கருகத்தான் செய்தது.
அதையும் அரைத்துக் குடித்தோம், மூன்று நாள்.

எத்திராஜ் ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் மெக்கானிக்.
யானை வயிறு மாதிரி மரப் பீப்பாய்களில்
தோல் புரள்வதைப் பார்த்துப் பழகிய கண்.
கிரைண்டர் மோட்டார், சைக்கிள் செயின்,
ஆம்பூரில் எடைக்கு வாங்கிய எவர்சில்வர் தகடு.
மூன்று கிலோ கொள்ளும் உருளை
மாட்டுப்பொங்கலன்று சுழன்றது.
கொட்டை வெடிக்கிற சத்தம்
இருட்டில் யாரோ விரல் சொடுக்கிக் கூப்பிடுவது போல.

ஆறடித் தகரக் குழாய் வைத்தோம்.

நோட்டு எழுதுகிறவள் நான்.
ஆறு கிலோ பச்சைக் கொட்டை போட்டால்
ஐந்துதான் வெளியே வரும்.
ஆறில் ஒன்று அரசனுக்கு என்பார்களே,
நெருப்பும் அதே வரி கேட்கிறது.
அதற்கப்புறம் கரண்ட் பில்,
சிக்கரியைக் கூட்டிப் போடச் சொல்லி
காசை அடுத்த வாரம் தருகிற மெஸ்காரர்.
கத்திரி வெயிலில் வெளியே நாற்பத்து மூன்று டிகிரி,
உருளைக்குள் இருநூறு,
நடுவில் நான், ஈரத் துண்டோடு.
வருஷ முடிவில் நின்றது நாலாயிரத்து நூறு ரூபாய்,
நஷ்டப் பக்கத்தில்.

மாடியில் நசீமுன்னிசா காயப்போட்ட துப்பட்டாக்கள்
காபி வாசத்தோடு கல்யாணத்துக்குப் போயின.
சண்டை போடவில்லை அவள்.
ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டி
"மோந்து பாரு" என்றாள்.
பத்தடி.

டியூஷன் சென்டர் வாத்தியார் மாநகராட்சிக்கு மனு எழுதினார்.
பதினாலு.
"யாவாரம் வளருதோ இல்லியோ
கொழா வளருது" என்றான் எத்திராஜ்.

பிறகு பக்கத்து மனையில் லாட்ஜ் வந்தது.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்க.
பலகை நிறைய வங்காள எழுத்து,
நடையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், கடுகெண்ணெய் வாடை,
எல்லார் கையிலும் பெரிய ஸ்கேன் உறை.
இரண்டாம் மாடி ஜன்னல்
எங்கள் குழாயின் வாய்க்கு நேரே.

அந்த அறையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார்.
சண்டைக்கென்று நினைத்து எழுந்து நின்றேன்.
நிர்மல் ஹால்தார், சிலிகுரிப் பக்கம்.
மனைவிக்கு மருந்து ஏற்றுகிறார்கள்,
எந்த வாசமும் அவளுக்கு ஆகவில்லை,
பாதி இந்தியிலும் பாதி கையிலுமாகச் சொன்னார்.
நிறுத்தச் சொல்லவில்லை.
எத்தனை மணிக்கு வறுப்பீர்கள்?
ஜன்னலைச் சாத்திக்கொள்ள.

அன்றைக்கே சிலேட்டு மாட்டினேன்.
காலை 4 முதல் 6. மாலை கிடையாது.
தமிழ் தெரியாதவர் என்பதால்
எண்களை மட்டும் பெரிதாக.

ஊர் அதை வேறு மாதிரி படித்தது.
ஆறு மணிக்குச் சுடச்சுடக் கிடைக்கிறதாமே!
நைட் டியூட்டி முடிந்த நர்ஸ்கள் வந்தார்கள்,
காட்பாடிக்குப் புறப்பட்ட டிக்கெட் பரிசோதகர்,
சத்துவாச்சாரியிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு வக்கீல்,
கோட்டையைச் சுற்றி நடக்கிறவர்கள்
நடையைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள்.
நோட்டில் ஒரு நாளுக்கு
ஒரு பக்கம் போதவில்லை.

பதினேழாம் நாள்
நாலரை மணிக்கு, புகைக்கு நேரே,
அந்த ஜன்னல் திறந்திருந்தது.
லாட்ஜ் பையன் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தான்.
ஊருக்கா என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
உருளையில் கொட்டை வெடிக்க ஆரம்பித்திருந்தது,
பார்க்காவிட்டால் கருகிவிடும்.

இப்போது அரியூர் ரோட்டில் ஷெட்.
பதினைந்து கிலோ மெஷின்,
அறுபது தவணையில் இருபத்தொன்று முடிந்திருக்கிறது.
புகையை எரித்துத் தின்கிற பெட்டி ஒன்று இருப்பதால்
குழாய் கூரைக்கு மேல் ஒரு முழம்கூட இல்லை.
"வாசமே வரலியே, நெசமா இங்கதான் வறுக்கறீங்களா?"
என்று கேட்கிறார்கள் புதிதாக வருகிறவர்கள்.

ஆர்டர் கூடிவிட்டது,
மாலையிலும் போடலாம் என்றான் எத்திராஜ்.
போடுகிறோம்.
சிலேட்டைத்தான் இன்னும் திருத்தவில்லை.