பத்து ரூபாய்த் தாள்

குழலுக்கும் மரத்துக்கும் நடுவே
ஒரு பத்து ரூபாய்த் தாள் போய்வர வேண்டும்,
முன்முனையில் நுழைந்து அறை வரைக்கும்
எங்கும் நிற்காமல்.
குழல் யார் மேலும் சாயக் கூடாது.
அவ்வளவுதான் கணக்கு.

தேர்தல் அறிவித்த மறுநாள்
திருவொற்றியூர் ஸ்டேஷனில் ஒப்படைத்தபோது
தாள் போய்வந்துகொண்டுதான் இருந்தது.
ரசீது எழுதிய ஏட்டு கேட்டார்:
"இன்னாமா, காக்கா சுடவா?"
பாயின்ட் டூ டூ, ஐம்பது மீட்டர், காகிதம் என்றேன்.
"காகிதத்துக்கா லைசென்சு!"
சணல் கட்டி, சீட்டு ஒட்டி
பெரிய துப்பாக்கிகளின் வரிசையில்
கடைசியாகச் சாய்த்தார்.

நாற்பத்தாறு நாள்.
எண்ணூர்ப் பக்கத்துக் காற்று
அந்த அறைக்கும் ஜன்னல் வழியாகத்தான் வரும்.

திரும்ப வாங்கிய ஞாயிறு
அத்திப்பட்டு தாண்டி, கிளப்பின் தகரக் கூரையடியில்
குப்புறப் படுத்துச் சுட்டேன்.
ஐந்தும் ஐந்து ஊருக்குப் போயின.
அடுத்த ஐந்து, குழல் சூடேற ஏற
வலமும் மேலுமாக நகர்ந்தன,
வாடகை ஏற்றினால் நகரும் குடித்தனம்போல.

முதலில் கண்ணைச் சந்தேகித்தேன்.
நாற்பத்தொன்று ஆகிறது,
கண்ணாடி பவர் மாறியிருக்கலாம்.
பிறகு தோட்டாவை:
அதே பெட்டி, அதே தொகுதி எண்,
ஈயத்தில் பூசிய மெழுகு மட்டும்
வெயிலில் விரலோடு வந்தது.
பிறகு மூச்சை.
துப்பாக்கியைக் கடைசியாகத்தான் சந்தேகித்தேன்,
வீட்டு ஆட்களைச் சந்தேகிப்பதுபோல.

இரவு, காலடிப்பேட்டை வீடு.
சமையல் மேடையைத் துடைத்து, பழைய போர்வை விரித்து
போல்ட்டைக் கழற்றி, அறை காலி என்று
இரண்டு தடவை பார்த்துவிட்டு
தாளை நுழைத்தேன்.
நாலு விரற்கடை போனது. நின்றது.
மூக்கு மடங்கித் திரும்பியது.

எந்த மலைச்சரிவில் வளர்ந்த வால்நட்டோ,
நம் கடலைக் குடித்து ஊதியிருந்தது.
உப்பு ஏற்றியதை
உப்புத்தாள்தான் இறக்க வேண்டும்.
செப்புக் குழாய்த்துண்டில் சுற்றித் தேய்த்தேன்.
தூள் உதிர்ந்தது, தாள் ஓர் அங்குலம் முன்னேறியது,
தேய்த்தேன்.
வார்னிஷ் இரண்டு கை, நடுவே ஒரு நாள் காய்ச்சல்.

ஹேமகுமாரி கம்பெனியிலிருந்து கடன் வாங்கிய
டார்க் ஸ்க்ரூடிரைவர்:
முன் திருகு, பின் திருகு.
கால் சுற்று கூடினால் குண்டு முணுமுணுக்கும்,
கால் சுற்று குறைந்தால்
முந்தைய குண்டு போன இடம் அதற்கு மறந்துபோகும்.

அமலதாஸ் இறால் நிறுக்கும் கொக்கித் தராசை
விசையில் மாட்டி இழுத்தான்.
எழுநூற்று இருபது கிராம்.
ஐந்நூறுக்கு இறக்கினேன்.
"குறைச்சி நிறுத்தா காசிமேட்டுல அடி விழும்" என்றான்.
காலி அறையோடு தட்டிப் பார்த்தேன்.
ஊசி தானாக விழவில்லை.

மறு ஞாயிறு.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிதான் எங்கள் காற்றுக்கொடி.
புகை தெற்கே சாய்ந்தால் பொறு,
நேரே எழுந்தால் சுடு.
பதினொரு மணிக்குக் கடற்காற்று விழிக்கும்,
அதற்குள் முடிக்க வேண்டும்.

ஒன்று.
இரண்டாவது, முதல் ஓட்டையின் உதட்டை மென்றது.
மூன்று, நான்கு எங்கே என்று
தொலைநோக்கியில் தேடினேன்.
எல்லாம் உள்ளேயே.
ஒரு புளியங்கொட்டையால் மூடிவிடலாம்.

ஐந்தாவது
ஒன்பதாம் வளையத்தில், இடது பக்கம், தனியாக.

அப்போது கூட்ஸ் ரயில் போனது,
தரை அதிர்ந்தது என்று சொல்லலாம்.
போகவில்லை.
புகை நேரே எழுந்துகொண்டிருந்தது.
படுத்தபடியே தாளை விட்டுப் பார்த்தேன்,
வழுக்கிக்கொண்டு அறை வரை போய் வந்தது.

நோட்டில் தேதி, தொகுதி எண், காற்று.
அதன் கீழே எழுதினேன்:
ஐந்தாவது, நான்.