ஆறும் காலம்

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்:
முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டு,
தேவைப்பட்டால் இன்னும் ஓராண்டு,
கதிர்பட்ட எஃகில் ஆர்வம்.
எஃகின் கணக்கு வேறு என்று
யாரும் எழுதியிருக்கவில்லை.

உலைக்குள் மூன்று ஆண்டு கிடந்தது அது.
வெளியே எடுத்தபின் தொட்டித் தண்ணீரில்
ஆறுவதற்கு ஆறு.
ஓர் ஒப்பந்தம் அதை உள்ளே வைக்கும்,
ஓர் ஒப்பந்தம் காத்திருக்கும்,
மூன்றாவதோ நான்காவதோ திறக்கும்.

லீஸலோட் நான்காவது.
மோல் நகரத்துப் பைன் காட்டு வழியே
சைக்கிளில் வருகிறாள்.
கால்வாய்ப் பாலத்தில் எதிர்க்காற்று.
பிப்ரவரியோடு சம்பளம் முடிகிறது.
குப்பியைத் திறக்க அனுமதி வந்த நாள்
பிப்ரவரி பதினொன்று.

ஒரு மீட்டர் கனத்தில் வெண்ணெய் நிறக் கண்ணாடி.
இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம்
அவள் நடுங்கினால் நடுங்கும் இரும்பு விரல்கள்.
இருபது சில்லுகள், சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை,
எண்ணுக்குப் பதில் விளிம்பில் வெட்டுகள்.
ஏழு வெட்டுள்ளதைக் காணோம்.
ஒன்பது இரண்டு இருந்தன.

குறிப்பேட்டில், பக்கத்தின் ஓரம், பென்சிலில்:
“ஏழு கீழே விழுந்தது. தவழ்ந்து தேடினேன்.
புதிது வெட்டும்போது எண்ணிக்கை தவறிவிட்டது.
தடித்த வெட்டு உள்ளதுதான் ஏழு.
மன்னிக்கவும். வ.”

வ. என்பது வன்னஸ்.
இப்போது கென்ட்டில், ஒரு வங்கியில்,
வீட்டுக்கடன் திரும்பாமல் போகும் வாய்ப்பைக் கணக்கிடுகிறான்.
மதியம் அழைத்தாள்.
மோல் என்று மட்டும் சொன்னாள்.
நாற்காலி பின்னால் நகரும் ஓசை.
கதவு சாத்தும் ஓசை.

“எவ்வளவு வீங்கியிருக்கிறது?”

இன்னும் அளக்கவில்லை என்றாள்.

“நூற்றுக்கு இரண்டு என்று
ஆய்வேட்டில் எழுதினேன்.
அளக்காமல் நான் எழுதிய ஒரே எண் அதுதான்.
தேர்வாளர்கள் அதைத்தான் பாராட்டினார்கள்.”

மீதி பதிமூன்று வேலைநாள்.
ஒரு நாள் விசிறி பழுது, ஒரு நாள் வேலைநிறுத்தம்.
எட்டுச் சில்லுகள் அளந்தாள்.
பன்னிரண்டு மறுபடி ஈய உறைக்குள் போயின.

கடைசி நாள்,
பையில் பேனா இருந்தும்
பென்சில் தேடி எடுத்து எழுதினாள்:

“ஏழு: ஒன்று புள்ளி ஆறு. கென்ட்டுக்குச் சொல்லிவிட்டேன்,
சற்று நேரம் பேசவில்லை.
பன்னிரண்டு, பதினைந்து இரண்டும் ஒட்டிக்கொண்டுள்ளன,
பிரிக்க அவசரப்பட வேண்டாம்.
அடுத்து வருபவருக்கு: என் எண் கீழே.
எந்த வேலையில் இருந்தாலும்
எடுப்பேன்.”